வாசலில் நாலு அங்குலம்

பேவர் பிளாக் வேணாம் தம்பி. வேணாம்னா வேணாம். காங்கிரீட்டே போட்டுரு. கேட்டுல இருந்து ரோடு வரைக்கும், இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும், ஒரே பலகையா. நடுவுல ஒரு இடுக்கு இருக்கக்கூடாது.

நீ சொல்றது புரியுது. பேவர் பிளாக்னா மழைத்தண்ணி கீழ இறங்கும். நாளைக்குக் குழாய் உடைஞ்சா ஒரு கல்லை மட்டும் பேத்து எடுத்து, வேலை பாத்துட்டுத் திரும்ப வச்சுரலாம். அதையேதான் நானும் சொல்றேன். ஒரு கல்லை மட்டும் பேத்து எடுக்கலாம். எடுத்த இடத்துல வேற ஒரு கல்லை வைக்கலாம். அந்த வேலையே ஆகாதுங்கறேன்.

சிரிக்காத. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. உள்ள வேணாம், இங்கதான் காத்து நல்லா வருது. ராஜாமணி, தம்பிக்கு ஒரு காபி குடு. பேப்பர் கப்புலயே குடு. அது ஒண்ணுமில்ல தம்பி, வேலைக்கு வர்றவங்க போறவங்களுக்குன்னு கட்டுக்கட்டா வாங்கி வச்சிருக்கோம், கழுவுற வேலை மிச்சம். உனக்கு எந்த ஊருன்னுகூட நான் கேக்கல பாத்தியா. கேக்கவும் மாட்டேன். இப்ப யாரு அதெல்லாம் பாக்குறா.

பொங்கலுக்கு முன்னால முடிஞ்சிருமா? முதல்ல அதைச் சொல்லு. பொங்கலுக்கு என் மகன் நவநீதன் ஜெர்மனில இருந்து வர்றான். அவன் கார்ல இருந்து கால எடுத்துக் கீழ வைக்கறப்ப இந்த வாசல் இறுகிக் கிடக்கணும். கடப்பாரை போட்டாலும் தெறிச்சு வரணும்.

எதுக்கு இவ்வளவு அவசரம்னு பாக்குற. எனக்கு பயம் தம்பி. நாப்பது வருஷமா இரும்புக்கடை நடத்துன ஆளு, தெருச் சங்கத்துல செயலாளரா இருந்தவன், சங்கரலிங்கம்னா விருதுநகர் பஜாருல நாலு பேருக்குத் தெரியும். நான் பயம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா பயந்தான். உன்னை முன்கேட்டு வழியா வராத, பக்கத்துச் சந்து வழியா வான்னு சொன்னேன்ல? நானே ரெண்டு மாசமா சந்து வழியாத்தான் போய்ட்டு வர்றேன். இந்த வாசல்ல கால் வைக்க முடியல.

எல்லாம் அந்த ஊருக்குப் போனதுல வந்த வினை.

நவநீதன் நூரெம்பெர்க்ல இருக்கான். பன்னெண்டு வருஷமாச்சு. வருஷா வருஷம் வாங்கப்பான்னு கூப்பிட மாட்டான், திடீர்னு போன ஐப்பசில டிக்கெட் போட்டு அனுப்பிட்டான். ராஜாமணிக்கு வீசிங், குளிர் ஆகாது. நான் மட்டும் போனேன். போய் ஒரு வாரம் அவன் வீட்டுல இருந்தேன். நல்லா கவனிச்சான், குறை சொல்ல முடியாது. ஆனா பேச மாட்டான். எங்கிட்ட அவன் சின்ன வயசுலேயே பேச்சைக் குறைச்சுட்டான், அது அவன் சுபாவம். ஒருநாள் சாப்பிடறப்ப சொல்றான், "அப்பா, எனக்கு லீவு இல்ல. பக்கத்துல பழைய ஊரெல்லாம் இருக்கு, நல்லா இருக்கும். ரூம் போட்டுத் தர்றேன், ரயிலுக்குப் பாஸ் எடுத்துத் தர்றேன். தனியா போய்ப் பாத்துட்டு வாங்க."

தனியாவான்னேன். எனக்கு மதுரைக்கே தனியா போய்ப் பழக்கமில்ல தம்பி, கடைப் பையன் யாராவது கூட வருவான். பாஷை தெரியாது. சாப்பாடு தெரியாது. கக்கூஸ்ல தண்ணி கிடையாது. நீயும் வாடான்னு சொன்னேன், கெஞ்சாத குறையா சொன்னேன். "இல்லப்பா, நீங்க தனியாத்தான் பாக்கணும்"னான். போன்ல வழியெல்லாம் ஏத்திக் குடுத்தான். கிளம்பறப்ப ரயிலடில நின்னுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னான். "கீழ பாத்து நடங்கப்பா."

என் முழங்காலுக்காகச் சொல்றான்னு நினைச்சேன். அங்க தெருவெல்லாம் குண்டு குண்டா கல்லு பதிச்சிருப்பான், நம்ம அம்மி சைஸ்ல பாதி. தினமும் காலைல போன் பண்ணுவான். சாப்பிட்டீங்களான்னு கேப்பான், அப்புறம் கீழ பாத்து நடங்கப்பாம்பான். பாசம் இருக்கத்தான் செய்யுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

முதல் ஊரு ரேகன்ஸ்பூர்க். பேரைச் சொல்லப் பழகவே ரெண்டு நாளாச்சு. ஆத்துமேல ஒரு பழைய கல்லுப் பாலம், அதைத் தாண்டுனா ஒடுக்கமான சந்து சந்தா வீடுங்க, ஒவ்வொண்ணும் நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலத்தது. பாக்க அழகுதான். ஆனா ஜனம் எங்க? ஞாயித்துக்கிழமை போய் இறங்குனேன், ஒரு கடை திறந்திருக்கல. பனி இறங்கி எதிர்ச் சுவரு தெரியல. என் செருப்புச் சத்தம் எனக்கே பின்னாடி இருந்து கேக்குது. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நடந்தேன். போன்ல சார்ஜ் வேற இறங்கிக்கிட்டே வருது. இது செத்துப் போச்சுன்னா நான் யாருன்னு இந்த ஊருக்கு எப்படிச் சொல்றது? பேரைச் சொன்னாத் தெரியுமா, கடையைச் சொன்னாத் தெரியுமா? கோயில் பிரகாரத்துல அப்பா கையை விட்ட பிள்ளை மாதிரி ஒரு மூலையில நின்னுட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லல.

அப்பதான் கீழ பாத்தேன்.

ஒரு வீட்டு வாசப்படிக்கு முன்னால, அந்தக் குண்டுக் கல்லுகளுக்கு நடுவுல, பித்தளைத் தகடு போட்ட ஒரு கல்லு. உள்ளங்கை அகலம். அதுல எழுத்து. பேரு மாதிரி இருக்கு, வருஷம் மாதிரி இருக்கு. நாலு எட்டு வச்சா இன்னொரு வீட்டு வாசல்ல மூணு கல்லு வரிசையா.

எனக்குப் பாத்த உடனே உசுரு வந்துருச்சு தம்பி. ஏன்னா அது என்னன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நம்ம கோயில்ல தரையில கல்லு கல்லா பேரு வெட்டியிருக்குல்ல, இன்னார் உபயம்னு? உள்பிரகாரத்துல கிழக்கு வாசல்கிட்ட எங்கப்பா பேரு இருக்கு, நான்தான் வெட்டி வச்சேன். வர்றவன் போறவன் பாதம் படணும், அதுதான புண்ணியம். சரி, இங்கயும் அப்படித்தான், பெரிய மனுசங்க தெருவுக்குக் கல்லு போட்டுக் குடுத்துப் பேரு வச்சிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன். தெரியாத ஊருல தெரிஞ்ச ஒண்ணைப் பாத்துட்டா அந்தத் தெம்பே வேற.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கல்லாத் தேடித் தேடிப் போய் மிதிச்சேன். மெதுவா, ரெண்டு பாதமும் வச்சு, ஒரு நிமிஷம் நின்னு. பாவம், வச்சவங்களுக்குப் புண்ணியம் சேரட்டும்னு. செருப்பைக் கழட்டலாம்னுகூடப் பாத்தேன், குளிரு விடல.

அன்னைக்கு ராத்திரி நவநீதன்கிட்டச் சொன்னேன். "டேய், இங்க வாசல்ல பித்தளைக் கல்லு வைக்கிறாங்களே, உன் தாத்தா பேருல நாம ஒண்ணு போட்டா என்னடா? ஜெர்மனில நம்ம குடும்பப் பேரு இருக்குமே." அவன், "யாரையாவது கேட்டுப் பாருங்கப்பா"ன்னு வச்சுட்டான்.

காபியைக் குடி, ஆறுது.

அடுத்த ஊரு பாம்பெர்க். அங்க ஒரு சாயங்காலம், இருட்டு சீக்கிரம் வந்துருது அங்க, நாலரைக்கே விளக்கு போட்டுர்றான். தெருவுல ஏழெட்டுப் பேரு தரையில மண்டிபோட்டு உக்காந்திருக்காங்க. வயசான ஒரு ஆளு, ரெண்டு பொம்பளைங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அந்தப் பித்தளைக் கல்லைத் துணி வச்சுத் தேய்க்கிறாங்க. நம்ம வீட்டுல கார்த்திகைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாங்களே, அதே மாதிரி. தேய்ச்சுட்டுப் பக்கத்துல மெழுகுவத்தி ஏத்தி வைக்கிறாங்க, வெள்ளைப் பூ வைக்கிறாங்க. கார்த்திகைக்கும் கிட்டத்துலதான். அடடா, இவனுங்களும் வாசல்ல விளக்கு வைக்கிறானுங்கடான்னு நான் பக்கத்துல போனேன். போய், வழக்கம் போல, தேய்ச்சு முடிச்ச கல்லு மேல ரெண்டு காலையும் வச்சு நின்னேன்.

ஒருத்தரும் சத்தம் போடல தம்பி. சத்தம் போட்டிருந்தாக்கூட எனக்கு பயம் வந்திருக்காது. எல்லாரும் என் காலையே பாத்தாங்க. அந்த வயசானவரு மெதுவா என் கணுக்காலைத் தொட்டு, ஒரு குழந்தையை நகத்துற மாதிரி என் காலை அங்கிட்டு எடுத்து வச்சாரு. என் செருப்பு பட்ட இடத்தைத் திரும்பத் தேய்ச்சாரு. அப்புறம் நிமிந்து என் முகத்தைப் பாத்து எங்கிட்ட ஒரு துணியையும் மெழுகுவத்தியையும் குடுத்தாரு. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல. முழங்கால் வலியோட மண்டிபோட்டுத் தேய்ச்சேன், விளக்கு ஏத்துனேன். அந்தம்மா ஒருத்தி அழுதுக்கிட்டே எனக்குக் கை குடுத்தா. எதுக்கு அழுகறா? பண்டிகையன்னைக்கு யாராவது அழுவாங்களா? ரூமுக்கு வந்தப்புறமும் அந்த ஆளு என் கணுக்காலைப் பிடிச்ச இடம் சில்லுனு இருந்துச்சு. தூங்கல.

மூணாவது ஊரு வூர்ஸ்பூர்க். அங்க டிராம் ஓடும், தெரு நடுவுலேயே தண்டவாளம். அங்கதான் தமிழ்ச் சத்தம் கேட்டேன். டிராம் நிக்கற இடத்துல ஒரு பொம்பளை, அம்பது வயசிருக்கும், போன்ல பேசிக்கிட்டு நிக்கிறா. இலங்கைத் தமிழ். ஓடிப்போய் நின்னேன்.

போனை வச்சுட்டு, "அண்ணை இந்தியாவோ?"ன்னா.

"ஆமாம்மா, விருதுநகர்."

"தனியவோ வந்தனீங்கள்? முகமெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு. ஏதும் சுகமில்லையோ?"

தவமலர்னு பேரு சொன்னா. யாழ்ப்பாணத்துப் பக்கம், கலவரத்துல வந்தவ, முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம். எனக்கு அழுகையே வந்துருச்சு, தமிழ் கேட்டு. கொஞ்சம் தேறுனதும் பக்கத்து வீட்டு வாசல்ல இருந்த கல்லைக் காட்டிக் கேட்டேன், "ஏம்மா, இந்த உபயக் கல்லு வைக்கணும்னா யாரைப் பாக்கணும்?"

"உபயமோ?" அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. "ஆர் அண்ணை உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?"

குந்தி உக்காந்து ஒவ்வொண்ணா வாசிச்சா. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கு. "'இஞ்சை குடியிருந்தவர்' எண்டு போட்டிருக்கு. கீழ பேர். பிறந்த ஆண்டு. பிடிச்சுக்கொண்டு போன ஆண்டு. கொல்லப்பட்டார் எண்டு கிடக்கு. இது தகப்பன். இது தாய். யூத ஆக்கள். ஹிட்லரின்ரை காலத்தில இந்த வீட்டில இருந்து கொண்டு போய்க் கொன்றுபோட்டாங்கள்."

நான் ரெண்டு நாளா மிதிச்சது.

சரி, கொன்னிருக்காங்க. பாவம்தான். பெரும் பாவம். தெரியாம மிதிச்சுட்டேன், சாமி மன்னிக்கும். அதோட முடிஞ்சிருந்தா நான் இப்ப உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். நாம யாரையும் கொல்லல. இந்தத் தெருவுல யாரு யாரைக் கொன்னா? ஆனா அங்க மூணாவதா ஒரு கல்லு இருந்துச்சு. தவமலர் அதையும் வாசிச்சா.

"இது மகள். பதினொரு வயசு. இவவை வேற நாட்டுக்கு அனுப்பிப் போட்டினம். தப்பிட்டா."

"தப்பிச்சுட்டாளா?"

"ஓம். உயிர் பிழைச்சா எண்டுதான் கிடக்கு."

"பிழைச்சவளுக்கு எதுக்கும்மா கல்லு?"

அவ எழுந்து பாவாடையைத் தட்டிக்கிட்டு ரொம்பச் சாதாரணமாச் சொன்னா. "வீட்டை விட்டுப் போக வேண்டி வந்ததுதானே அண்ணை. அதுக்குச் சாகத்தான் வேணுமோ?"

தம்பி, நான் அந்தக் கல்லை விட்டு ரெண்டு எட்டு பின்னால போய்ட்டேன்.

வீட்டுக்காரங்க இதுக்கு ஒத்துக்கிட்டாங்களான்னு கேட்டேன். நியாயமான கேள்விதான? நம்ம வீட்டு வாசல்ல எவனோ வந்து கல்லு வச்சா நாம விடுவோமா? அவ சிரிச்சா. "ரோட்டில தானே வைக்கிறது. வீட்டுக்காரரைக் கேக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையள் வைக்கினம், பக்கத்து வீட்டுக்காரர் வைக்கினம், ஆரும் வைக்கலாம். ஆர் இருந்தவை எண்டு பேர் தெரிஞ்சாப் போதும்." டிராம் வந்துருச்சு. ஏறும்போது திரும்பி, "எங்கட வீட்டிலையும் இப்ப ஆரோ இருக்கினம் அண்ணை. நல்லா இருக்கட்டும். ஆருடைய வீடு எண்டு மட்டும் அவைக்குத் தெரிஞ்சிருக்க வேணும்"னா. போய்ட்டா.

நான் அங்கேயே நின்னேன். காலை எங்க வைக்கறதுன்னு தெரியல. நடைபாதையில எங்க பாத்தாலும் வாசலு, எந்த வாசல்ல என்ன பேரு இருக்கோ. அதனால ரோட்டுல இறங்கி நடந்தேன். தண்டவாளத்துக்கு நடுவுல. பின்னாடி மணி அடிக்கிறான், டிராம்காரன், எனக்குக் கேக்குது, ஆனா ஓரத்துக்கு ஒதுங்க மாட்டேங்குது காலு. நிறுத்திட்டு இறங்கி வந்து கையைப் பிடிச்சு ஓரத்துல விட்டான். நான் அவன் கையை விடல. பிடுங்கிட்டுத்தான் போனான்.

அங்க ரெண்டு ராத்திரிக்கு ரூம் போட்டிருந்தான். தங்கல. அடுத்த ரயில்ல நூரெம்பெர்க் திரும்பிட்டேன். ரயில்ல ஜன்னல் பக்கம் உக்காராம நடுவுல உக்காந்து வந்தேன், என் மூஞ்சி கண்ணாடில தெரியாம இருக்கட்டும்னு.

எதுக்குப் பயம்னு கேக்குற. நியாயந்தான். சொல்றேன். பெரிய விஷயம் ஒண்ணுமில்ல.

இந்த இடதுபக்கப் போர்ஷன் பூட்டிக் கெடக்குல்ல, பழைய கம்பி போட்டு வச்சிருக்கேனே. அதுல ஒரு காலத்துல ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தாங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை அந்த ஆளுக்கு. பேரெல்லாம் இப்ப ஞாபகமில்ல. நல்ல மனுசன், நெத்தியில திருநீறு, கேட்ட உடனே நம்மாளுன்னு நினைச்சு விட்டுட்டேன். ஒரு வருஷம் இருந்தாங்க, ஒரு தொந்தரவு கிடையாது. அப்புறம் அவங்க ஊருல இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. தெருமுக்குக் கடையில வழி கேட்டிருக்காரு. எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்னு கடைக்காரன் விசாரிச்சுட்டான். சாயங்காலமே தெருவுக்குப் பூராம் தெரிஞ்சு போச்சு.

நான் ஒண்ணும் சொல்லல தம்பி. இன்னைக்கும் சத்தியம் பண்ணுவேன், போன்னு என் வாயால சொல்லல. சங்கத்துல கூட்டம் போட்டாங்க, நான் செயலாளரு, என் வீட்டுலயே இப்படின்னா எனக்கு என்ன மரியாதை? தண்ணி மோட்டார் ரிப்பேர்னு மட்டும் சொன்னேன். ரிப்பேர்தான். ஃபியூஸைக் கழட்டி என் சட்டைப் பையில வச்சிருந்தேன், அதனால ஓடல. தெருக்குழாயில அந்தம்மா வச்ச குடத்தைப் பொம்பளைங்க நகத்தி நகத்திக் கடைசியில வச்சாங்க, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பால்காரன் வரல, அது அவன் இஷ்டம். பத்து நாள் போல பாத்தாங்க, அப்புறம் அந்த ஆளே வந்து காலி பண்ணிக்கறேன்னாரு. டெம்போகூட நான்தான் பிடிச்சுக் குடுத்தேன். அந்த உதவியை யாரு செய்வா?

எங்க போனாங்கன்னு தெரியாது. மதுரைப் பக்கம்னாங்க. அப்புறம் ஒரு தகவலும் இல்ல.

அவங்க பொண்ணும் நவநீதனும் ஒரே கிளாஸ். இந்த வாசல்லதான், இப்ப நீ டேப்பு பிடிச்சியே, இதே இடத்துலதான் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவாங்க. டெம்போ கிளம்பறப்ப மழைத் தூத்தல். சாமான் மேல பள்ளிக்கூடப் பையோட உக்காந்திருந்தா. நவநீதன் கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கட்டம் மழையில கரைஞ்சு போச்சு. அவன் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. சின்னப் பிள்ளை, மறந்துட்டான்னு நினைச்சேன்.

வூர்ஸ்பூர்க்ல இருந்து திரும்பி வந்தேன்ல, அன்னைக்குச் சாயங்காலம் தோசை வார்த்துக்கிட்டே கேக்கறான், "கீழ பாத்தீங்களாப்பா?"

முழங்கால் பரவாயில்லடான்னேன்.

அவன் தோசையைத் திருப்பிப் போட்டான். அப்புறம், "அமுதாவோட அம்மா பேரு என்னப்பா? அவ தம்பி ஒருத்தன் இருந்தானே, கைக்குழந்தை, அவன் பேரு?"

எந்த அமுதான்னேன்.

அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்ல. "சரி. ஊருக்கு வர்றப்ப கேட்டுக்கறேன்"னான். அப்பதான் எனக்கு உறைச்சுச்சு, தினமும் கீழ பாத்து நடங்கப்பா, கீழ பாத்து நடங்கப்பான்னு சொன்னானே, அது என் முழங்காலுக்கு இல்ல. என்னை எதுக்கு வரவழைச்சான்? தனியா எதுக்கு விட்டான்? பெத்த மகன், கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டக்கூடாதா? இப்படியா ஒரு தகப்பனைப் பயங்காட்டறது?

ஏர்போர்ட்டுல வச்சுத்தான் சொன்னான். "பொங்கலுக்கு வர்றேன்பா. ஒரு சின்னக் கல்லு செய்யச் சொல்லியிருக்கேன். நம்ம வாசல்ல நாலு அங்குலம் இடம் விட்டு வைங்க. பேரு மட்டும் பாக்கி இருக்கு. எனக்கு அமுதா பேரும் அவங்க அப்பா பேரும்தான் தெரியும். மத்ததை உங்களை விட்டா யாருக்கும் தெரியாது."

கட்டிப் பிடிச்சான் தம்பி. அதுவும் சொல்லணும்ல. இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் கட்டிப் பிடிச்சான். எனக்கு அவன் நெஞ்சு அடிக்கறது கேட்டுச்சு. நல்லவிதமாத்தான் சொன்னான், மிரட்டல. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. இதை மாட்டேன்னு சொல்லிட்டா அவன் இந்த வாசலை மிதிக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். சரின்னு சொன்னா? நாளைக்குத் தெருவுல போறவன் நின்னு குனிஞ்சு வாசிப்பான். இங்க குடியிருந்தாங்கன்னு. ஏன் போனாங்கன்னு கேப்பான். எங்கிட்டதான கேப்பான்?

இடம் விடறேன்னும் சொல்லல, விடலன்னும் சொல்லல. செக்கிங் பக்கம் போய்ட்டேன்.

அதனாலதான் காங்கிரீட்டுங்கறேன். முழு வாசலும் மூடிட்டா, நான் என்னடா செய்ய, கண்ட்ராக்டர் போட்டுட்டுப் போய்ட்டான்னு உன் மேல சாக்கு சொல்லிக்கலாம். அவனுக்கும் கோபம் உன் மேலதான் வரும். தப்பா எடுத்துக்காத.

ராஜாமணி என்ன சொல்றாங்கறியா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. ஜெர்மனியில இருந்து வந்து இதையெல்லாம் அவகிட்டச் சொன்னேன். அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. கடைசியில ஒரே ஒரு வார்த்தை. "ஃபியூஸ் உங்க பையில இருந்தது எனக்குத் தெரியும். சட்டை துவைச்சது நான்தான." அவ்வளவுதான். அதுக்கப்புறம் விடியக்காலையில வாசல் தெளிக்கப் போறவ, அந்தப் போர்ஷன் முன்னாலயும் சேர்த்துத் தெளிச்சுக் கோலம் போடறா. யாரு இருக்கா அங்க, கோலம் போட?

சரி, விடு. வேலைக்கு வா. எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்? கனமாப் போடு, கம்பி கட்டிப் போடு, கம்பி கடையில இருந்து நானே தர்றேன். இன்னொண்ணு, போட்டு முடிச்சதும் ஈரம் காயிற வரைக்கும் நான் இங்க நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். நீ ஆளு வைக்காத, எனக்கு யாரையும் நம்ப முடியாது. ஈரச் சிமெண்டைக் கண்டா எவனாவது குச்சியை எடுத்துக் கிறுக்கிட்டுப் போவான். கிறுக்குனா காஞ்சப்புறம் அழியாது.

கிறுக்குறவன் என்ன எழுதுவான்? என்ன தெரியும் அவனுக்கு? இங்க குடியிருந்தாங்கன்னு எழுதுவான். அப்புறம்? பேரு வேணும்ல. சிவஞானம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அவரு சம்சாரம் பேச்சியம்மா, தெருக்குழாய்ல கடைசியா நின்னவ. அமுதா, பதினொரு வயசு. கைக்குழந்தை பாலமுருகன், பாலுன்னு கூப்பிடுவாங்க, எம்மேல ஒருதடவை ஒண்ணுக்குப் போய்ட்டான். தொண்ணூத்தி மூணு, கார்த்திகை மாசம், ஒரு திங்கக்கிழமை. இதெல்லாம் எவனுக்குத் தெரியும்? எவனுக்கும் தெரியாது தம்பி. எனக்கே ஞாபகமில்ல.

என்ன எழுதுற?

காபியைத் தொடவே இல்லையே நீ. தம்பி, அந்தப் பென்சிலைக் கொஞ்சம் கீழ வை.

அளவுதான எழுதுற?